ரோட்டில் ஓடும் காருக்கு ரேஸ் டிராக் ஆயில் கூலர் எதற்கு?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. இயந்திரவியல் படிக்கிற ஒரு சாதாரண மாணவன். போன பதிவில் கோலத்தின் கணக்கு, இந்தப் பதிவில் கார். அடுத்தது என்ன என்று எனக்கே தெரியாது :-)

சரி, மேட்டருக்கு வருவோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை சஸ்பென்ஸ் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆபீசுக்கும் காலேஜுக்கும் போய்வருகிற, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு ரவுண்டு அடிக்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில் வாங்கி மாட்டுகிற ஆயில் கூலர் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை, காசு போனதோடு போகும். தப்பாக மாட்டினால் எந்த இன்ஜினைக் காப்பாற்ற மாட்டுகிறோமோ அதையே அது கெடுக்கும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் மட்டும் கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள், உங்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? எம்.எஸ் படிக்க அமெரிக்கா போன சீனியர்கள் சிலர் வேலை கிடைத்ததும் முதலில் பார்ப்பது பழைய நிஸான் 370இசட். கார் வாங்கிய அடுத்த வாரமே வகுப்பு குரூப்பில் கேள்வி வரும்: "மச்சி, எந்த ஆயில் கூலர் போடலாம்?" எந்தக் கூலர் என்பதற்கு முன்னால் கூலர் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாருமே கேட்பதில்லை.

ஆயில் கூலர் என்றால் என்ன?

பல்சர் 220 பைக்கின் இன்ஜினுக்கு முன்னால் கை அகலத்துக்கு ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்குமே, அதுதான். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-லும் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஆயில் குழாய் வழியாக வெளியே வந்து, மெல்லிய தகடுகள் கொண்ட அந்தப் பெட்டிக்குள் ஓடி, காற்றில் சூட்டை விட்டுவிட்டு உள்ளே திரும்புகிறது. அந்த பைக்குகளில் தண்ணீர் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க இருப்பது காற்றும் ஆயிலும்தான். அதனால் அங்கே கூலர் அலங்காரம் இல்லை, அவசியம்.

காரிலும் அப்படிச் சில உதாரணங்கள் உண்டு. போர்ஷே 911 என்ற கார் 1998 வரை காற்றால் குளிர்விக்கப்பட்ட இன்ஜினோடு வந்தது. அதில் சூட்டைச் சுமக்கும் பெரிய வேலையே ஆயிலுடையது. மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜினில் சுழலும் ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது ஆயில்தான், அதனால் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களில் ஆயில் கூலர் கம்பெனியிலிருந்தே வரும். "போர்ஷேயே வைக்கிறான், மாஸ்டாவே வைக்கிறான், நாம் வைத்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அவர்கள் இன்ஜினை வரையும்போதே கூலரையும் சேர்த்து வரைந்தார்கள். நாம் பேசுவது தண்ணீரால் குளிரும் சாதாரண பிஸ்டன் இன்ஜினில் பிறகு ஒட்டவைப்பதைப் பற்றி.

370இசட் கதை

இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான கார் கிடையாது. 2009-ல் விற்பனைக்கு வந்தது. 3.7 லிட்டர் வி6 இன்ஜின், அமெரிக்கக் கணக்கில் 332 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம் வரை சுற்றும். 2010-ல் இந்தியாவிலும் இறக்குமதி செய்து விற்றார்கள், ஐம்பது லட்சத்துக்கு மேல் விலை என்பதால் நம் கண்ணில் அதிகம் படவில்லை. 2020-ஆம் வருட மாடலோடு தயாரிப்பு முடிந்தது. ஆக, இன்று வாங்குகிற 370இசட் எல்லாமே பழைய கார்தான்.

ஆரம்ப வருடக் கார்களை டிராக்குக்குக் கொண்டுபோனவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. சில சுற்றுகளிலேயே ஆயில் வெப்பம் எகிறும். சுமார் 280 பாரன்ஹீட், அதாவது 138 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை அதிக ஆர்பிஎம் போகவிடாமல் கட்டிப்போடும். காசு கட்டி டிராக்குக்கு வந்தவன் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து பிட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 2012 மாடலிலிருந்து ஸ்போர்ட் பேக்கேஜ் கார்களில் நிஸானே ஆயில் கூலர் வைக்க ஆரம்பித்தது.

இதுவரை எல்லாம் உண்மை. டிராக்கில் பிரச்சினை இருந்தது, கம்பெனியே தீர்வும் கொடுத்தது. ஆனால் இந்த உண்மை டிராக்கிலிருந்து கிளம்பி, ஹைவே வழியாக, ஆபீஸ் பார்க்கிங்குக்கு வந்து சேர்ந்தபோது "370இசட் வாங்கினால் முதல் வேலை ஆயில் கூலர்" என்று மாறிவிட்டது. நடுவில் எங்கேயோ "டிராக்கில்" என்ற வார்த்தை மட்டும் கீழே விழுந்துவிட்டது.

மீட்டர் செய்த மாயம்

அந்த வார்த்தை ஏன் விழுந்தது என்பதற்கு நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். 370இசட்டின் டேஷ்போர்டு மேல் டிரைவரைப் பார்த்தபடி மூன்று வட்டங்கள் இருக்கும். ஒன்று கடிகாரம், ஒன்று பேட்டரி வோல்டேஜ், மூன்றாவது ஆயில் வெப்பம்.

சாதாரண கார்களில் ஆயில் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. தண்ணீர் வெப்பத்துக்கு ஒரு முள் இருக்கும். அதையும் பல கார்களில் நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருப்பார்கள், கொஞ்சம் ஏறி இறங்கினாலும் காட்டாது. டிரைவர் பயப்படக் கூடாதே. 370இசட்டிலோ முள் உண்மையைக் காட்டுகிறது. வெயிலில் ஏறும், மேட்டில் ஏறும், ஹைவேயில் இறங்கும். பக்கத்து வீட்டு காரில் ஆயில் 110 டிகிரி போனாலும் அவருக்குத் தெரியாது, நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவார். நம்மாளுக்கு முள் ஏறுவது தெரிகிறது, தூக்கம் போகிறது, கார்டு தேய்க்கிறார்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கியபிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளும் பெரியப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பாரே, அந்தக் கதைதான். அளப்பது நல்லது. அளந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியாமல் மருந்து வாங்குவதுதான் ஆபத்து.

ரோட்டில் எவ்வளவு சூடு வரும்?

கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள். சுமார் 1,500 கிலோ எடையுள்ள, காற்றைக் கிழிக்கும் வடிவம் உள்ள ஒரு கார் சமதளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போக சுமார் 16 கிலோவாட் சக்தி போதும். குதிரைத்திறனில் சொன்னால் இருபத்திரண்டு. நம்மிடம் இருப்பதோ 332. அதாவது ஹைவேயில் இன்ஜின் தன் முழு பலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. கிட்டத்தட்டத் தூங்குகிறது என்றே சொல்லலாம்.

ஆயில் சூடாவது இரண்டு வழியில். பிஸ்டன், சிலிண்டர் பக்கமிருந்து எரியும் சூடு வருகிறது. பேரிங்குகளுக்குள் ஆயில் படலம் அரைபடுவதாலும் சூடு வருகிறது. இரண்டாவது வகை ஆர்பிஎம் ஏற ஏற எகிறும். பாகுத்தன்மை மாறாமல் இருந்தால் பேரிங்கில் வீணாகும் சக்தி சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். இது நாம் மெஷின் டிசைன் பாடத்தில் மனப்பாடம் செய்த பெட்ராஃப் சமன்பாடு. இப்போதாவது எதற்கோ உதவுகிறதே :-) ஹைவேயில் 2,500 ஆர்பிஎம், டிராக்கில் 7,500 என்று வைத்தால் மூன்று மடங்கு வேகம், ஒன்பது மடங்கு சூடு.

அதைவிட முக்கியம் நேரம். டிராக்கில் இருபது நிமிடம் இடைவெளி இல்லாமல் ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொடும், நேர்பாதை முழுக்க முழு பலம். ரோட்டில் அப்படி எத்தனை வினாடி மிதிக்க முடியும்? ஐந்து? ஆறு? அதற்குள் ஸ்பீடு லிமிட்டைத் தாண்டி, போலீஸ் கேமராவையும் தாண்டியிருப்போம். ஐந்து லிட்டர் ஆயிலும் அலுமினிய இன்ஜினும் சேர்ந்து சூடேற நிமிடங்கள் வேண்டும்.

"மலைப்பாதை?" என்பார்கள். அமெரிக்காவில் கார்ப் பைத்தியங்கள் புனித யாத்திரை போகிற இடம் டெயில் ஆஃப் தி டிராகன். டென்னஸி, வட கரோலினா எல்லையில் 11 மைலில் 318 வளைவுகள். அங்கே போட்டிருக்கும் வேக வரம்பு மணிக்கு 30 மைல். வளைவுக்கு வளைவு பிரேக், நடுவில் ஒரு சின்ன உறுமல், மறுபடி பிரேக். அங்கே முதலில் கதறப்போவது பிரேக், ஆயில் இல்லை.

"அரிசோனா வெயில்?" இது நியாயமான கேள்வி. ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. வெளிக்காற்று 25-லிருந்து 45 ஆனால், அதாவது 20 டிகிரி ஏறினால், ஆயில் வெப்பமும் அதிகபட்சம் அதே அளவு ஏறும் என்று வைத்துக்கொள்வோம். 95-ல் ஓடிய ஆயில் 115-ல் ஓடும். இது ஆபத்தா? அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஆயிலுக்குச் சூடு பிடிக்கும்

நம் பொதுப்புத்தி என்ன சொல்கிறது? சூடு கெட்டது, குளிர்ச்சி நல்லது. உடம்புக்கு மோரும் இளநீரும் சரி. இன்ஜின் ஆயிலுக்கு இது பொருந்தாது.

வெல்லப்பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடாக இருக்கும்போது ஓடும், ஆறினால் இழுக்கும். ஆயிலும் அப்படித்தான். ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் 60 சென்டிஸ்டோக்ஸ் அக்கம்பக்கம் இருக்கும், 100 டிகிரியில் 10 அல்லது 11-க்கு வந்துவிடும். அந்தப் பெயரில் இருக்கிற 30 என்ற எண்ணே 100 டிகிரியில் அளந்து கொடுப்பது. அதாவது இன்ஜினை வரைந்தவர் பேரிங் இடைவெளியைக் கணக்கிட்டது சூடான ஆயிலை மனதில் வைத்து. அதை 70 டிகிரியில் ஓடவிட்டால் வடிவமைத்ததைவிட இரண்டு மடங்கு கெட்டியான ஆயிலைத் தள்ளுகிறோம். இன்ஜினின் சக்தி வீண், பெட்ரோல் வீண். இன்னும் குளிர்ந்து கெட்டியானால் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே உள்ளே போகும்.

சரி, மேல் எல்லை எது? ஆயில் தரத்துக்கான எஸ்.ஏ.இ. விதிகளில் ஹெச்.டி.ஹெச்.எஸ். என்று ஒரு சோதனை இருக்கிறது. ஆயிலைச் சூடாக்கி, பேரிங்கில் நடப்பதுபோல வேகமாக அரைத்து, அப்போதும் படலம் தாங்குகிறதா என்று பார்ப்பது. 30 கிரேடு ஆயில் அதில் குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-வினாடி காட்ட வேண்டும். எந்த வெப்பத்தில் தெரியுமா? 150 டிகிரி செல்சியஸ். நீங்கள் 110-ல் முள்ளைப் பார்த்து நடுங்குகிறீர்கள், அந்த ஆயில் 150-ல் பரீட்சை எழுதிப் பாஸான பிறகுதான் டப்பாவுக்குள்ளேயே வந்திருக்கிறது. ஃபீனிக்ஸின் 115 அதற்கு மதிய நேர நடைப்பயிற்சி.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எவ்வளவு தண்ணீர் உண்டாகும்? கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நம்பமுடியவில்லை என்றால் பிளஸ் டூ வேதியியலை எடுத்து ஆக்டேன் எரியும் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்குக் கசியும், கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம். ஆயில் 100 டிகிரியை ஒட்டிச் சூடானால் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கும், ஆயிலோடு கலந்து மோர் மாதிரி வெளுத்த கசடாகும், அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

இப்போது யோசியுங்கள். ஆபீசுக்கு எட்டு கிலோமீட்டர், சிகாகோ குளிர்காலம். சாதாரண காரிலேயே ஆயில் முழுச்சூடு அடைவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அந்தக் காரின் மூக்கில் 34 வரிசை கொண்ட பெரிய கூலரை மாட்டினால்? காய்ச்சல் வராமலிருக்க ஒருவனைத் தினமும் ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்டுகிற வைத்தியம்.

தெர்மோஸ்டாட் இருந்தால் சரியா?

"தெர்மோஸ்டாட் வைத்த கிட் வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லையே?" சரியான கேள்வி. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற சாண்ட்விச் பிளேட்டிலேயே ஒரு தெர்மோஸ்டாட் வருகிறது. பொதுவாக 80-85 டிகிரி வரை கூலர் வழியை அடைத்துவைத்து, பிறகு திறக்கும். மூடியிருக்கும்போதும் குழாயில் காற்று தங்காமலிருக்கக் கொஞ்சம் ஆயிலை ஓடவிடும். கூலர் மாட்டியே தீருவேன் என்பவர் இது இல்லாமல் மாட்டவே கூடாது.

ஆனால் இதிலுள்ள வேடிக்கையையும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் வேலை என்ன? ரோட்டில் ஓட்டும் நேரத்தின் பெரும்பகுதிக்குக் கூலரை வேலை செய்யாமல் தடுப்பது. அதாவது பல நூறு டாலர் கொடுத்து ஒரு பொருளை வாங்கி, அது வேலை செய்யாமலிருக்க இன்னொரு பொருளையும் வாங்குகிறோம்.

கூடவே வருகிற தொல்லைகள்

கம்பெனி நிலையில் ஆயில் இன்ஜினைவிட்டு வெளியே வருவதே இல்லை. கூலர் மாட்டியதும் அழுத்தத்தில் இருக்கிற சூடான ஆயில் இரண்டு நீளக் குழாய்கள் வழியே காரின் மூக்குவரை ஊர்வலம் போய்வருகிறது. ஒவ்வொரு முனையிலும் ஒரு இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் கசிய ஒரு வாய்ப்பு. குழாய் ஃபிரேமில் உரசினால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். ஒருநாள் பிடுங்கிக்கொண்டால் பம்ப் சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் சம்பைக் காலி செய்துவிடும். இருப்பதே 4.9 லிட்டர்தான். சிவப்பு விளக்கு எரிந்து, நாம் அதைப் பார்த்து, ஓரம் கட்டுவதற்குள் பேரிங் போய்விடும். கொட்டிய ஆயில் நம் டயருக்கு அடியிலோ சூடான எக்ஸாஸ்ட் மேலோ விழுந்தால் இன்ஜினோடு போகாது.

அடுத்தது இடம். கூலரை வைப்பது பெரும்பாலும் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னால். அவற்றுக்குப் போகிற காற்றை இது முதலில் சூடாக்கித் தருகிறது. டிராபிக்கில் நின்றால் காற்றே பெரிதாக வராது, கூலரும் பெரிதாக வேலை செய்யாது, ஏசியும் திணறும். எந்த நிலைமைக்குப் பயந்து வாங்கினோமோ அந்த நிலைமையில்தான் இது கைவிடுகிறது. மூக்கில் இருப்பதால் பார்க்கிங்கில் யாராவது லேசாக இடித்தாலும், ஹைவேயில் ஒரு கல் தெறித்தாலும் முதல் பலி இதுதான்.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ரேஸ் காரில் இருக்கும் பாகங்கள் நல்லவை என்பதால் மட்டும் அங்கே தாக்குப்பிடிப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கிறார், நட்டு இறுக்குகிறார், சந்தேகம் வந்தால் குழாயையே மாற்றுகிறார். அந்தப் பாகத்தோடு அதைப் பார்த்துக்கொள்கிற ஆளும் சேர்ந்தே வருகிறார். நாம் வாங்கும் பெட்டியில் பாகம் மட்டும்தான் வருகிறது. நம் காருக்கு அடியில் யாராவது எட்டிப் பார்ப்பது வருடத்துக்கு இரண்டுமுறை, ஆயில் மாற்றும்போது.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டினான் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் சேதம் என்றால் அந்தச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆயில் குழாய் கழன்று இன்ஜின் போனால் "இதனால் இல்லை" என்று வாதாடுவது கஷ்டம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு

நேர்மையாகச் சொன்னால் அவர்கள் பக்கம் இரண்டு வலுவான வாதங்கள் இருக்கின்றன. முதலாவது, அதிக வெப்பத்தில் ஆயில் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆக்சிஜனேற்ற வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்களின் உத்தேசக் கணக்கு. ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ரோட்டுக் காரில் மலிவான மருந்து ஆயிலைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுவது. பல நூறு டாலர் கூலர் விலைக்கு எத்தனை முறை நல்ல சிந்தெடிக் ஆயில் மாற்றலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, இந்த இன்ஜின் வரிசையில் டைமிங் செயின் பக்கம், மூடிக்குப் பின்னால் ஆயில் வழியை அடைக்கிற காகித கேஸ்கெட் கிழிந்து ஆயில் அழுத்தம் குறைவது 370இசட் வைத்திருப்பவர்கள் மத்தியில் பிரபலமான பிரச்சினை. பிறகு உலோகக் கேஸ்கெட் வந்தது. "சூட்டைக் குறைத்தால் கேஸ்கெட் பிழைக்கும்" என்பார்கள். பழைய கேஸ்கெட்டுக்குத் தீர்வு புதிய கேஸ்கெட், கூலர் இல்லை. இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அந்தக் காரின் டேஷ்போர்டில் ஆயில் வெப்பத்துக்கு மீட்டர் உண்டு, ஆயில் அழுத்தத்துக்குக் கிடையாது. இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் அழுத்தம் குறைவதுதான். ஆக, கண்ணுக்குத் தெரிகிற எண்ணுக்குச் செலவழிக்கிறோம், தெரியாத எண்ணை மறந்துவிடுகிறோம்.

பிறகு என்னதான் செய்வது?

ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு என் சிபாரிசு:

1. ஒரு கோடைக்காலம் முழுக்க முள்ளைப் பார்த்து எழுதிவையுங்கள். வெளி வெப்பம், எங்கே, எவ்வளவு நேரம். 120 டிகிரியைத் தாண்டாவிட்டால் கூலர் பேச்சையே மறந்துவிடலாம்.

2. ஆயில் மட்டத்தை மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் பாருங்கள். ஒரு லிட்டர் குறைந்தால் மீதி நாலு லிட்டர் மொத்த வேலையையும் செய்ய வேண்டும், சீக்கிரம் சூடாகும். செலவு: ஒரு பழைய துணி.

3. ஆயில் மாற்றும்போது ஒரு சிறு பாட்டிலில் பழைய ஆயிலைப் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். சில பத்து டாலரில் பாகுத்தன்மை, உலோகத் துகள், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் எண்ணாக வரும். இது ஆயிலுக்கு ரத்தப் பரிசோதனை.

4. இன்னும் காசு கையைக் கடித்தால் ஒரு ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள்.

டிராக்குக்கு உண்மையாகவே போகிறவருக்கு: கூலர் மாட்டுங்கள், தயவுசெய்து மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டோடு, அளவான சைஸில். குழாய் உரசும் இடத்தில் உறை போட்டு, ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் பின்னும் குனிந்து பாருங்கள். குனியச் சோம்பலாக இருந்தால் மாட்டாதீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முறை போகிறவர் என்றால் நாலு சுற்று ஓடி ஒரு சுற்று மெதுவாக வந்தாலே முள் இறங்கும். மீறிப் போனால் 280 பாரன்ஹீட்டில் கம்ப்யூட்டரே கட்டிப்போடும் என்று மேலே பார்த்தோமே, அந்த இன்சூரன்ஸுக்குக் கார் வாங்கும்போதே பணம் கட்டிவிட்டீர்கள்.

பழைய கார் வாங்கப்போகும் சீனியர்களுக்கு: விளம்பரத்தில் "ஆயில் கூலர் போட்டது" என்று இருந்தால் அதை ப்ளஸ் என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா? குழாய் மாட்டி எத்தனை வருடம் ஆனது? இந்தக் கார் டிராக்கில் எத்தனை நாள் ஓடியது? மூன்றாவதற்கு வருகிற பதிலில்தான் இன்ஜினின் ஜாதகமே இருக்கிறது. இன்ஜின் மாற்றிய காராக இருந்தால் கூலரையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய பேரிங்கின் உலோகத் தூள் அந்த மெல்லிய தகடுகளுக்குள் ஒளிந்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது, புது இன்ஜினுக்குள் மெதுவாக வந்து சேரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தலைமேல் படிப்புக் கடன். அந்த நிலைமையில் கைக்கு வருகிற முதல் ஐநூறு டாலரைக் காரின் மூக்கில் தொங்கவிடுவதா, நல்ல டயரிலும் பிரேக் பேடிலும் போடுவதா என்பதுதான் நம் ஆட்களின் முன்னால் இருக்கிற உண்மையான கேள்வி. டயரும் பிரேக்கும் தினமும் வேலை செய்யும். அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்க அவற்றுக்குத் தெர்மோஸ்டாட் வாங்க வேண்டியதில்லை :-)

பி.கு.: "உன்னிடம் முதலில் கார் இருக்கிறதா?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: இல்லை. ஒரு சைக்கிள் இருக்கிறது. செயினுக்கு மட்டும் ஆயில் போடுவேன், இதுவரை சூடானதில்லை.